ஆளில்லாமல் சுற்றிய ராட்டினம்

கும்பகோணத்தில் நாங்கள் காற்றுக்குக் கரண்ட் பில் கட்டுகிறவர்கள். அந்த நினைப்பிலேயே ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்கிக் குடையை விரித்தேன். விரித்ததுதான் தெரியும். குடை என் கையை உதறிக்கொண்டு சாலையைத் தாண்டி, ஒரு டீக்கடைக் கூரையைத் தட்டிவிட்டு வயல் பக்கம் போய்விட்டது. பின்னாலேயே ஓடப் பார்த்தேன். டீக்கடைக்காரர் தலையைத் தூக்காமல், அதை இனிப் பணகுடியில் போய்த்தான் எடுக்கவேண்டும் என்றார். கிண்டலா, தகவலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தகவல்தான்.

நான் இறங்கியிருக்கவேண்டிய இடமே அது இல்லை. போகவேண்டிய பூங்கா தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில், சாலையோரத்தில் இருக்கிறது. அங்கே நிறுத்தச் சொன்னதற்கு, இது அங்கெல்லாம் நிற்காத வண்டி, ஏறும்போதே கேட்டிருக்கவேண்டும் என்று நடத்துநர் சொல்லிவிட்டார். ஏறும்போது கேட்டேன், அவர் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னதில், பின் சீட்டில் தூங்கிய ஒருவர் விழித்துக்கொண்டார். ஆனாலும் வண்டி நிற்கவில்லை. ஜன்னல் வழியே பூங்காவின் ராட்டினம் வந்தது, பெரிதானது, போயே போய்விட்டது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். போன வருஷச் சுற்றுலாவில், வேறொரு ஊரில், கரண்ட் போய் எங்கள் பிள்ளைகள் ஒரு ராட்டினத்தில் அந்தரத்தில் தொங்கினார்கள். கீழே நின்று நான் போட்ட சத்தத்தில் ஜெனரேட்டரே பயந்து ஓடியது என்று இன்றைக்கும் ஓய்வறையில் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றிலிருந்து ஒரு விதி: பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவதென்றாலும் ஒரு டீச்சர் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இயற்பியலும் வாயும் ஒருங்கே உள்ளவள் நான்தான் என்று தலைமையாசிரியை முடிவுகட்டிவிட்டார். காலாண்டு விடுமுறை எனக்கு இப்படிப் போனது.

இந்தப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகள். யாரோ பேருந்திலிருந்து எடுத்துப் போட்ட படம், எல்லோருடைய போனிலும் வந்திருந்தது. மலை, மலைக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாய்க் காற்றாலைகள், அவற்றின் காலடியில் குட்டியாக ஒரு ராட்டினம். அதில்தான் ஏறவேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் ஒற்றைக் காலில் நின்றது. ராட்டினம் ஓடினால் போவோம், ஓடாவிட்டால் வேறு இடம் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார்.

டவுன் பஸ்ஸில் திரும்பி வந்து பார்த்தால், ராட்டினம் ஓடவில்லை. தேங்காய்நார் வடத்தால் இரண்டு பக்கமும் கல்தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதற்குப் போகிற பாதையில் குறுக்கே ஒரு சங்கிலி.

அதைவிட வேடிக்கை வாசலில் இருந்தது. எங்கள் மகாமகக் குளக்கரையில் பாதி இருக்கும் இடம். அதற்கு மூன்று டிக்கெட் கவுண்டர், மூன்று நிறத்தில். மூன்றாவது சாத்தியிருந்தது. முதல் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஒரு டிக்கெட் கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள்.

“உள்ளே போகத்தான்.”

“உள்ள போக டிக்கெட் வேண்டாம் கேட்டியளா. எதுல ஏறணும்?”

கொலம்பஸ் படகுக்கு ஒன்று, டிராகன் ரயிலுக்கு ஒன்று என்றேன். கொலம்பஸ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு எழுந்து, பின்பக்கமாக நடந்து, அடுத்த கவுண்டருக்குள் வந்து உட்கார்ந்து, என்னை இப்போதுதான் பார்ப்பதுபோல நிமிர்ந்து, டிராகன் டிக்கெட்டைக் கொடுத்தாள். அவள் பெயர் பியூலா என்று பிறகு தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

டிக்கெட் வாங்கியும் ஏற விடவில்லை. முதல் சுற்று இன்னும் ஆகவில்லையாம். என்ன முதல் சுற்று என்று கேட்பதற்குள் கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து, படகின் நட்டநடுவில் தனியாக உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டியவர், வண்டுக் கண். பெயர் ஜெபசிங், பியூலாவின் புருஷன். படகு மேலும் கீழும் ஆடியது. மனுஷன் முகத்தில் ஒரு சிரிப்பு, ஒரு பயம்? ஒன்றும் இல்லை. பல் பிடுங்க உட்கார்ந்தவர்போல, முழு நேரமும் ஆடி முடித்துவிட்டு இறங்கினார். பிறகு டிராகன் ரயிலுக்குப் போனார். அதில் அவர் ஏறவில்லை. தன் போனை எடுத்து, வீடியோவில் யாரையோ கூப்பிட்டு, முன்சீட்டில் ஒரு துண்டை வைத்துக் கட்டினார். ரயில் போனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. போனுக்குள் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு முகம், மஸ்கட்டிலிருந்து, “செரி, ஓடட்டும்” என்றது.

எனக்கு மண்டை குழம்பிப்போயிற்று. ராட்டினம் ஓடினால் சரி, ஓடாவிட்டால் கிளம்பு என்பதுதான் உத்தரவு. ஆனால் இதைப் பார்த்துவிட்டு என்னவென்று தெரியாமல் எப்படிக் கிளம்புவது?

மத்தியானம் பியூலா வீட்டில் சாப்பிடச் சொன்னாள். பூங்காவுக்குப் பின்னாலேயே வீடு. மரவள்ளிக்கிழங்கை இங்கே மரச்சீனி என்கிறார்கள். அதை அவித்து மசித்து, தேங்காய் அரைத்த மீன்குழம்பை ஊற்றினாள். எங்கள் ஊரில் கிழங்கு என்றால் மாலையில் கொறிக்கிற பண்டம், இலையில் சோற்றுக்குப் பதிலாக உட்கார அதற்குத் தைரியம் கிடையாது. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவியதும் மட்டிப்பழம் என்று ஒரு குட்டி வாழைப்பழம் தந்தாள். விரல் நீளம்தான், வாசனை வீடு முழுக்க. இவ்வளவு நல்ல சாப்பாட்டைப் போட்டுவிட்டுக் கடைசியில் பாலில்லாத சாயாவைக் கொடுத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் கும்பகோணத்துக்காரி.

சாப்பிடும்போதே கதை வந்தது. பூங்காவை உண்டாக்கியவர் ஜெபசிங்கின் அப்பா, ஞானதாஸ். கோட்டாறு திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம் என்று எந்தச் சாமிக்குக் கூட்டம் கூடினாலும் கையால் சுற்றும் குடைராட்டினத்தோடு போய் நிற்பவர். ஒருநாளும் ஒரே ஊரில் தங்காத பிழைப்பு வேண்டாம் என்று இந்த இடத்தை வாங்கினார். மலிவாகக் கிடைத்ததாம். ஏன் கிடைக்காது? கணவாய்க் காற்று நேராக வந்து இறங்குகிற இடம், வாழை வைத்தால் சாய்ந்துவிடும். அந்த இடத்தில் மனுஷன் நட்டது ராட்டினத்தை. வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் பாதி நாள் அதை ஓட்டவே முடியாது என்பது அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது.

முதல் நாள் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, ஒருவரும் ஏறவில்லை. ஞானதாஸ் தன் மனைவியையும் மூத்த மகளையும் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் கேட்டைத் திறந்ததும் முதல் சுற்று வீட்டாளுக்கு. நம் வீட்டு ஆள் ஏறாததில் அடுத்த வீட்டுப் பிள்ளை ஏறக்கூடாது என்பது அவர் சட்டம். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போன வருஷம் பிள்ளைகளைத் தொங்கவிட்டவனை நினைத்துக்கொண்டேன்.

இதுவரை சரி. சாகும்முன் அவர் செய்ததுதான் கோளாறு. பாகம் பிரித்தார். தென்னந்தோப்பைப் பிரிப்பதுபோலப் பூங்காவைப் பிரித்தார். நிலம் பொது, ராட்டினம் மூத்தவள் கிரேஸுக்கு, கொலம்பஸ் ஜெபசிங்குக்கு, டிராகன் ரயில் இளையவன் ஸ்டான்லிக்கு. சபை மூப்பரை வைத்துக்கொண்டு வாயாலேயே சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். ஆக, எது யாருடையதோ அவர் ஏறினால்தான் அது ஓடும். ஸ்டான்லி ஊரில் இருந்தவரை அவனே ஏறினான். அவன் போன பிறகு அவன் மனைவி. சமீபத்தில் அவளும் மஸ்கட் போய்விட, போன் ஏறுகிறது. ராட்டினத்துக்கு கிரேஸ் தோவாளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஆடி மாதத்திலிருந்து வருவதில்லை.

“ஏன்?” என்றேன்.

ஜெபசிங் கை கழுவ எழுந்துவிட்டார். பியூலா அவர் போகும்வரை பொறுத்திருந்து, ஒரே ஒரு சங்கதியை மட்டும் சொன்னாள். ராட்டினத்துக்காகத்தான் பள்ளிக்கூடப் பேருந்துகள் வரும். அது நின்றதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கிறிஸ்மஸுக்குள் நிலைமை மாறாவிட்டால் இடத்தைக் காற்றாலைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஸ்டான்லி சொல்லிவிட்டான். “இவிய ஒண்ணும் பேசமாட்டாவ. ராத்திரி உறக்கம் மட்டும் கெடையாது” என்று புருஷன் போன பக்கம் பார்த்தாள்.

மறுநாள் காலையில் திற்பரப்பு அருவிக்குப் போனேன். சுற்றுலாத் திட்டத்தில் அதுவும் இருந்தது. இரண்டு பஸ் மாறி, ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தால், இவர்களுக்கு இருக்கிற தண்ணீரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் காவிரிக்கு மேட்டூரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்; இங்கே அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. பிள்ளைகள் நிற்கலாமா என்று பார்க்க நானும் போய் நின்றேன். முதுகில் யாரோ சாக்குமூட்டை இறக்கியதுபோல இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் என் தோளைப் பிடித்து நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ஓரமாக நின்றால் அடி குறையும் என்றார். அங்கேயே, ஏத்தன் என்று இவர்கள் சொல்லும் நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரியும் வாங்கித் தின்றேன். எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று டாக்டர் சொன்னது திற்பரப்பில் ஞாபகம் வரவில்லை.

பூங்காவுக்குத் திரும்பும்போது சாயந்திரமாகிவிட்டது. காற்று வெறிபிடித்து அடித்தது. ஜெபசிங் தான் போட்ட சங்கிலியைத் தானே தாண்டி, ராட்டினத்துக்கடியில் வடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் உரசினால் நார் தேயுமாம், இடம் மாற்றிக் கட்டவேண்டுமாம். உள்ளே ஆள் போகக்கூடாது என்றுதானே சங்கிலி என்று கேட்டேன். “சங்கிலி ஆளுக்குதானே. காத்துக்கு இல்லியே” என்றார்.

இரண்டாவது வடமும் அவிழ்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், ராட்டினம் நகர்ந்தது. முதலில் யோசித்து யோசித்து. அப்புறம் நிதானமாக. காலித் தொட்டில்கள் ஒவ்வொன்றாக மேலே போய், அந்தப் பக்கம் இறங்கி, என் முன்னால் வந்து ஆடிவிட்டு மறுபடி மேலே போயின. மோட்டார் போட்டது யார் என்று கத்தினேன். அவர் கையைக் காட்டினார். மோட்டார் தனியாகக் கிடந்தது. ஓடாத நாளில் அதன் டயரைச் சக்கரத்திலிருந்து விலக்கி வைத்துவிடுகிறார்கள்.

எனக்கு மேல் மூச்சு வாங்கியது. பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஆரக்கால்களில் அழகுக்காகத் தகர நட்சத்திரங்கள் அடித்திருந்தார்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. எதிரே மலையடிவாரத்தில் கம்பெனிக்காரன் கோடி கோடியாகப் போட்டு நிறுத்திவைத்திருப்பதும் அதுதான். ஞானதாஸ் தெரியாமலேயே ஒரு காற்றாலையைக் கட்டியிருக்கிறார்! முப்பது வருஷம் பாடம் நடத்தி இப்படி ஓர் உதாரணம் கிடைத்ததில்லை. அதை ஜெபசிங்கிடம் படபடவென்று சொன்னேன்.

அவர் ராட்டினத்தை மெல்லப் பிடித்து நிறுத்தி, வடத்தைக் கட்டி முடித்தார். பிறகு சொன்னார். ஆடிக்காற்றில் ஒருநாள் பழைய வடம் அறுந்துவிட்டது. அவர் வந்து பிடிப்பதற்குள் ராட்டினம் நெடுநேரம் சுற்றியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பேருந்தில் போன பூக்காரப் பெண்கள் தோவாளையில் இறங்கி கிரேஸிடம் போய், உன் தம்பி உன்னை விட்டுவிட்டு ராட்டினத்தை ஓட்டுகிறான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.

“காத்துல சுத்திச்சு யக்கான்னு சொன்னேன். அறுந்த கயித்தயும் காட்டுனேன். கத்தி வச்சு அறுத்துட்டு காட்டுதியான்னு கேட்டா. எனக்க பெண்டாட்டி முன்னால, வேலைக்காரன் முன்னால கேட்டா டீச்சரே. பொறவுதான் சங்கிலி போட்டேன்.”

அவர் குரல் உயரவே இல்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். சரி, அவளை விட்டுவிட்டு நீங்களே முதல் சுற்று ஏறி ஓட்டியிருக்கலாமே, நீங்களும் வீட்டாள்தானே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

கேட்டதைக் கேட்டுவிட்டு லாட்ஜில் போய்ப் படுக்க என்னால் ஆகுமா? தோவாளைக்குப் பஸ் ஏறிவிட்டேன். காலையில் கால் வைக்க இடமில்லாத பூச்சந்தை அந்த நேரத்தில் ஓய்ந்து கிடந்தது. மிதிபட்ட பிச்சிப்பூவின் வாசனையும் ஈரமும் மட்டும் மிச்சம். கிரேஸ் சந்தையோரத்தில் பூக்கட்டுகிறவர்களுக்கு வாழைநார் விற்கிற கடை வைத்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி. தண்ணீரில் ஊறிய நாரை நகத்தால் கிழித்துக்கொண்டே, கும்பகோணத்தில் தொடுத்த மல்லிகை முழத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். பகல் கொள்ளை என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வந்த விஷயத்தைச் சொன்னதும் நார் கிழிப்பது நின்றது. “அவன் அனுப்பினானா?” என்றாள். இல்லை, நானாக வந்தேன் என்றேன்.

“இந்த ஊருல எல்லா காத்தாடியும் கம்பெனிக்காரனுக்க. எங்க அப்பாக்க ராட்டினம் மட்டும் காத்துல சுத்திச்சாம். அப்பம் கரண்டும் எடுத்தியாலேன்னு கேட்டேன். சும்மாட்டு நிக்கான். ஓட்டுனேன் யக்கா, கை நெருக்கடின்னு ஒரு வார்த்த பறஞ்சா, நான் என்ன சொல்லியிருப்பேன்? களவாண்டதுகூடப் போட்டும். என்ன மடச்சியாக்கப் பாத்தாம்பாருங்கோ, அதுதான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுகை இல்லை, ஆத்திரம். நான் இரண்டு பூக்கூடை மூடிகளை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, காற்று எப்படித் தள்ளும் என்று காட்டினேன். அந்தத் தகர நட்சத்திரங்கள்தான் காரணம் என்றேன். அதைக் கேட்டு அவள் முகம் இறுகிவிட்டது. அந்த நட்சத்திரங்களைத் தான்தான் வெட்டினேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு கிறிஸ்மஸுக்கு, அப்பா தகரத்தைப் பிடிக்க இவள் வெட்டியது. “நல்லாட்டு கேட்டியளா, இப்பம் குத்தம் எனக்க நட்சத்திரத்துக்கா?” என்றாள்.

நான் மூடிகளைக் கூடைகளிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பாடத்தைப் பாதியில் நிறுத்துவது என் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பதில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் அவள் சொன்னாள், காலையில் வருவதாக. கேட்டதை நம்பி ஒருதடவை சண்டை போட்டாயிற்று, இன்னொருதடவை கேட்டதை நம்ப மாட்டாளாம். ஆளில்லாமல் அது சுற்றுவதைத் தன் கண்ணால் பார்த்தால் சங்கிலியைத் தாண்டுவாளாம். இல்லையென்றால் ராட்டினத்தைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவாளாம்.

மூன்றாம் நாள் காலை. புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கப்போகிறோம் என்ற மிதப்பில் லாட்ஜை விட்டு வெளியே வந்தேன். ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. சேலைத் தலைப்பு தோளில் அப்படியே கிடந்தது.

காற்று இல்லை.

பேருந்து ஜன்னல் வழியே பார்க்கிறேன், மலையடிவாரத்தில் ஒரு காற்றாலைகூட அசையவில்லை. பூங்காவில் கிரேஸ் எனக்கு முன்னாலேயே வந்து, சங்கிலிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜெபசிங் அந்தப் பக்கம் வடத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்றார். ராட்டினம் நடுவில் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பியூலா எல்லோருக்கும் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்தோம். ஒரு இலை ஆடவில்லை. கிரேஸ் என் பக்கம் திரும்பி, எங்கே உங்கள் காற்று என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷ சர்வீசில் சோதனைக்கூடத்தில் சோதனை வராமல் பிள்ளைகள் முன்னால் விழித்திருக்கிறேன். ஆனால் ஒருத்தி வீட்டு வாழ்வை வைத்துக்கொண்டு விழித்தது அன்றைக்குத்தான்.

காற்றடித்தால் சாட்சி உண்டு, ஆனால் ராட்டினத்தில் ஆள் ஏற்ற முடியாது. ஆள் ஏற்றலாம் என்கிற அருமையான காலை இது, சாட்சி இல்லை.

இதற்குள் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கிவிட்டது. அவர்களுடைய சின்னப் பெண் நேராக டிராகன் ரயிலில் போய் ஏறிக்கொண்டது. ஜெபசிங் போய் அதைத் தூக்கிக் கீழே விட்டார். முதல் சுற்று ஆகவில்லை. போனை எடுத்து ஸ்டான்லியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. வேலையிடத்தில் இருப்பான். மறுபடி கூப்பிட்டார். பிள்ளை அழ ஆரம்பித்தது. பிள்ளையின் அப்பா வந்து, டிக்கெட் வாங்கியாயிற்று, சுவிட்சைப் போடவேண்டியதுதானே என்றார். இது தம்பியுடைய வண்டி, அவன் சொல்லவேண்டும் என்றார் ஜெபசிங். தம்பி எங்கே? மஸ்கட்டில். அந்த மனுஷன் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு வேனைத் திருப்பச் சொன்னார். பியூலா கவுண்டரிலிருந்து கெஞ்சுகிற மாதிரி புருஷனைப் பார்த்தாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

கிரேஸ் இதை முதல்முறையாகப் பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கடைசியாக வந்த நாளில் ஸ்டான்லியின் மனைவி இங்கே இருந்தாள், போனுக்கு வேலையில்லை. கட்டியிருந்த கையை மெல்ல அவிழ்த்தாள். “எடுக்காட்டா ஓட்டமாட்டானா?” என்று என்னிடம் கேட்டாள். மாட்டார் என்றேன். “வந்தவிய போனாலும்?” போனாலும்தான் என்றேன்.

அவள் அப்படியே குனிந்து சங்கிலிக்கு அடியில் நுழைந்தாள். அந்த உடம்புக்கு அது லேசான காரியம் இல்லை, சேலை மாட்டி இழுத்தது, விடுவித்துக்கொண்டு போய் ராட்டினத்தின் கீழ்த் தொட்டிலில் உட்கார்ந்தாள். கம்பியை இழுத்துப் பூட்டிக்கொண்டாள்.

“ஏ மக்ளே” என்று தம்பியைக் கூப்பிட்டாள். “மோட்டாரப் போடு.”

ஜெபசிங் போனைக் காதிலிருந்து எடுத்தார். “காத்து இன்னும் வரல்லியேக்கா” என்றார்.

“வராதது நல்லதுதானல. பிள்ள அழுதுட்டு நிக்குது. போடு.”

அவர் நடந்து வந்ததைப் பார்த்தேன். நேராக வரத் தெரியாதவர்போல வந்தார். மோட்டாரை நகர்த்தி, டயரைச் சக்கரத்தோடு சேர்த்து, சுவிட்சைப் போட்டார். ராட்டினம் கிளம்பியது. கிரேஸ் தனியாக மேலே போனாள். உச்சிக்குப் போனதும் தோவாளைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடை தெரிகிறதா என்று பார்த்தாளாம். முழு நேரமும் சுற்றினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை, மறைத்துத்தான் என்ன ஆகப்போகிறது.

இறங்கியதும் அவள் நேராக வாசலுக்குப் போனாள். மூன்றாவது கவுண்டரின் பலகையைத் தட்டித் திறந்து, முந்தானையால் நாற்காலியின் தூசியைத் துடைத்து உட்கார்ந்தாள். ராட்டினம் சுற்றுவதைக் கண்டு கிளம்பாமல் நின்ற மார்த்தாண்டத்துக் குடும்பத்தை வேனிலிருந்து திரும்பக் கூப்பிட்டது அவள் குரல்தான். எனக்குச் சமமான தொண்டை. ராட்டினத்தில் பிள்ளை இரண்டு தடவை போய்வருவதற்குள் ஸ்டான்லியும் போனை எடுத்துவிட்டான். நானும் ஏறினேன். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் செவ்வந்தித் தோட்டங்கள், ஒரு பக்கம் கன்னிப்பூப் போக நெல் அறுத்த வயல், எதிரே நின்றுபோன காற்றாலைகள். அந்த வட்டாரத்திலேயே அப்போது சுற்றிக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் சேலைத் தலைப்பு எழுந்தது. மலைப்பக்கம் ஒரு காற்றாலை அசைந்தது, அதற்கடுத்தது அசைந்தது. ஜெபசிங் உடனே ஆட்களை இறக்கிவிட்டு மோட்டாரை விலக்கினார். வடத்தைக் கையில் எடுத்தார். கட்டவில்லை, நின்றார். காற்று வந்து இறங்கியது. ராட்டினம் யோசித்தது, நகர்ந்தது, காலியாகச் சுற்றத் தொடங்கியது. நட்சத்திரங்கள் மின்னின.

“யக்கா!” என்று கத்தினார். அந்த மனுஷன் சத்தம் போட்டு நான் கேட்டது அப்போதுதான். “யக்கா, இப்பம் பாரு! ஆளில்லாம சுத்துது, பாரு!”

கவுண்டர் ராட்டினத்துக்கு முதுகைக் காட்டி இருக்கிறது. கிரேஸ் டிக்கெட் கட்டை ரப்பர் வளையத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் திருப்பினால் போதும். ஆடி மாதத்துச் சண்டைக்கு அவள் கேட்டிருந்த சாட்சி அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை.

“எனக்கு எதுக்குடே அது?” என்றாள். “கயித்தக் கெட்டு போ.”